என் பங்கு

கராகாந்தாவுக்கு வடக்கே, கரித்தூசியும் பனியும்
ஒரே நிறமாகிவிடும் இடத்தில், எங்களுக்கு ஒரு பங்கு இருந்தது.
கோவில் இல்லை. மணி இல்லை. சாமியாரும் இல்லை.
நாடுகடத்திய ரயிலிலேயே அவர் இறந்துபோனார்;
எந்த நிலையத்தில் உடலை இறக்கினார்கள் என்பதில்
கிரெசென்சியாவுக்கும் அவள் தங்கைக்கும் இன்றுவரை வழக்கு.
மிஞ்சியது அவருடைய பச்சை ஸ்தோலா,
மாவுச் சாக்கின் அடியில்.

ஞாயிறு விடியுமுன்
கிரெசென்சியாவின் மண்வீட்டில் பத்தொன்பது பேர்.
மேசைமேல் ஸ்தோலாவை விரிப்பார்கள்,
காய்ச்சல்காரனைப் படுக்கவைப்பதுபோல, சுருக்கம் நீவி.
பிறகு பூசை தொடங்கும், பூசை வைக்க ஆளில்லாமல்.
நிருபம், சுவிசேஷம், விசுவாசப் பிரமாணம்,
எல்லாம் ஆளாளுக்கு நினைவிலிருந்து.
புத்தகத்தை முதல் குளிரிலேயே அடுப்பில் வைத்துவிட்டார்கள்.
குழந்தைகள் பிழைத்தன.

என் வேலை வெளியே, விறகு பிளப்பது.
கமாண்டன்ட்டின் சறுக்குவண்டி தெரிந்தால்
அடுத்தடுத்து மூன்று வெட்டு.
உள்ளே ஸ்தோலா மாவுக்குள் போகும்;
மேசையைச் சுற்றிப் பெண்கள் பீட்ரூட் சீவிக்கொண்டிருப்பார்கள்.

பத்துக் குளிர்காலம். ஒருமுறைகூட உள்ளே நின்றதில்லை.
கேட்டால், "யாராவது காவல் நிற்க வேண்டுமே" என்பேன்.
உண்மை வேறு.
உழைப்புப் படையிலிருந்து நான் திரும்பியபோது
ஒட்டீலியா இல்லை. குழி எங்கே என்றுகூட
யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.
அதன்பின் என்னிடம் ஒரு ஆமென்கூட மீதியில்லை.
பிறர் செபத்துக்குக் காவல் நிற்க
விசுவாசம் எதற்கு, கோடரி போதும்.

ஆனாலும் சுவர் வழியே பூசை எனக்கு அத்துபடி.
முணுமுணுப்பு ஏறும், இறங்கும். யாரோ இருமுவார்கள்.
வில்ஹெல்மின் எப்போதும் அரைவரி முந்துவாள்.
பிறகு எழுந்தேற்றம் வரவேண்டிய இடம்.
அங்கே நிறுத்திவிடுவார்கள்.
அந்த வார்த்தைகள் குருவின் வாய்க்கு உரியவை;
யாரும் கடன் வாங்கவில்லை.
அப்பமில்லாத மேசைக்கு முன்
பத்தொன்பது பேர் முழந்தாளில், வாய்மூடி.
நானும் கோடரியைச் சாய்த்துவிடுவேன்.
பக்தியால் அல்ல. அந்த மௌனத்தில் வெட்டினால்
யார்மேலோ விழுவதுபோல் இருக்கும்.

ஒரு ஞாயிறு, மந்தைக்காரன் செரிக்பாய்
குதிரையை என் பக்கத்தில் நிறுத்தினான்.
"உன் கை எப்போதும் இதே நேரத்தில்தான் களைக்கிறது."
எனக்கு ஈரல் நடுங்கியது.
அவன் பையிலிருந்து காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து நீட்டினான்.
"சும்மா நிற்காதே. மேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது.
உட்கார்ந்து கோடரியைத் தீட்டு."
போய்விட்டான்.

அதிலிருந்து அந்த மௌனத்துக்கு ஒரு சத்தம் உண்டு:
கல்லில் இரும்பு, மெதுவாக.

ஐம்பத்தாறில், முகாமிலிருந்து விடுதலையாகி
ஒரு சாமியார் வந்துசேர்ந்தார். லிதுவேனியர், யுவோஸாபாஸ்.
பாதிப் பல் இல்லை. வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
அன்றும் நான் வெளியே.
அந்த இடம் வந்தது. கல்லை எடுத்தேன்.
மௌனம் வரவில்லை.
பொக்கை வாயிலிருந்து, லத்தீனில், குழறலாக,
சுவர் தாண்டி வந்தன அந்த வார்த்தைகள்.
உள்ளே யாரோ கேவினார்கள்.
எனக்கோ, சொன்னால் பாவம், எதையோ பறிகொடுத்ததுபோல் இருந்தது.
பத்து வருஷம் அந்த இடம் காலியாகக் கிடந்தது;
காலியாகக் கிடந்ததால்தான்
எனக்கும் அதில் ஒரு மூலை இருந்தது.

கதவு திறந்தது. வில்ஹெல்மின்.
முக்காடு சரிய வந்து கோடரியைப் பிடுங்கினாள்.
"உள்ளே போ. இன்னும் முடியவில்லை."
"உனக்கு வெட்டத் தெரியாதே."
"உனக்குச் செபிக்கத் தெரியுமா? போ."

போனேன். தொப்பியைக் கழற்ற மறந்து நின்றேன்.
மேசையில் அப்பத்தைப் பிட்டு வைத்திருந்தார்கள்.
எண்ணினேன், பழக்கதோஷம்:
இருபது.

வெளியே சத்தம் கேட்டது.
வெட்டு. நீண்ட இடைவெளி. பனியில் ஒரு வெட்டு.
உள்ளிருந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்று
அன்றுதான் தெரிந்துகொண்டேன்.